மறுமொழி: டெட்லிஃப்ட்டுக்கு ‘கிடையெடுப்பு’

அன்பர்களுக்கு வணக்கம்.

> ‘தரைத்தூக்கு’ என்று முடித்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

டெட்லிஃப்ட், அதாவது கீழே அசையாமல் கிடக்கும் எடையைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்கும் பயிற்சி. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் பெரம்பூர் ஐயா எழுதிய இந்த வரிக்குத்தான் பதில். எனக்கு இந்தச் சொல் கொஞ்சம் அவசரமாகவே வேண்டும். வடசென்னையில் நான் போகும் ஜிம்மில், சுவரில் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு தாள் எழுதித் தரும்படி மாஸ்டர் கேட்டிருக்கிறார். வேலை முடித்துச் சாயங்காலம் வரும் பையன்கள் ஆங்கில அட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதலில் ‘தூக்கு’. ஐயா, இந்த ஈறு வேண்டாமே. பெயராக நிற்கும்போது அது தூக்குக் கயிற்றைத்தான் நினைவூட்டுகிறது. ‘தூக்கல்’ என்றாலோ குழம்பில் உப்பு கூடிவிட்டது. செய்தித்தாள்களில் வரும் பளுதூக்குதலும் (வெயிட்லிஃப்டிங்) வலுதூக்குதலும் (பவர்லிஃப்டிங்) உறுத்தாமல் நிற்கின்றன என்றால், அங்கே எதைத் தூக்குகிறோம் என்பது முன்னாலேயே இருக்கிறது. (இந்த இரண்டையும் பலர் குழப்புகிறார்கள். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றது பளுதூக்குதலில். நாம் பேசும் டெட்லிஃப்ட் அதில் கிடையாது. தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்துக்கொண்டு எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் இரண்டோடும் சேர்ந்து வலுதூக்குதலில் வருவது.) ‘எடுப்பு’ நமக்குப் பழகிய ஈறு: களையெடுப்பு, கணக்கெடுப்பு, வாக்கெடுப்பு. எதன் பின்னால் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ‘தரை’. தாளை எழுத உட்காரும்வரை எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் எங்கள் ஜிம்மில் நடப்பது வேறு. கையில் பிடிக்கும் இரும்புக் கம்பிதான் ராடு, அதன் இரு முனையிலும் மாட்டும் வட்ட எடைதான் பிளேட். போட்டியில் மாட்டும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் ராடின் நடுப்பகுதி தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். பத்து கிலோ இரும்புப் பிளேட் அதைவிடச் சின்னது. ராடு கீழே இறங்கிவிடும், எடுப்பவர் இன்னும் குனிய வேண்டும், முதுகு வளைந்துவிடும். அதனால் புதிதாக வருபவர்களுக்கு மாஸ்டர் இரண்டு பக்கமும் பழைய பிளேட்டுகளை அடுக்கி, ராடை அதன்மேல்தான் வைக்கிறார். அது தரையே இல்லை. ஆனாலும் செய்வது டெட்லிஃப்ட்தான். ஏனென்றால் எடை அசையாமல் கிடக்கிறது; ஒவ்வொரு முறையும் அந்த அசையாத நிலையிலிருந்துதான் அது எழ வேண்டும். ஆங்கிலப் பெயரில் ‘டெட்’ என்பதும் இந்த அசைவின்மைதான், சாவு இல்லை. அதற்கு நம்மிடம் ‘கிடை’ இருக்கிறது. “பாட்டி ஆறு மாசமா கிடையா கிடக்கிறாங்க” என்கிறோமே, அதே கிடை. கிடையிலிருந்து எடுப்பது கிடையெடுப்பு. ஆட்டுக்கிடையோடு குழம்புமே என்று அடையாறு அம்மையார் கேட்டிருந்தார். ராடுக்கு முன்னால் நிற்பவருக்கு ஆட்டுக்கிடை நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு வாதாட என் காலும் ஒரு காரணம். போன மாதம் அறுபது கிலோவில் இடது காலின் முன்பக்கம் நான்கு விரல்கடை நீளத்துக்குத் தோல் வழண்டுவிட்டது. அந்த இடத்தில் சதை கிடையாது; தோலுக்கு அடியிலேயே எலும்பு. ராடின் சொரசொரப்பு அரம்போல இழுத்தது. தப்பு என்னுடையதுதான்: ஸ்குவாட் போல இடுப்பை மிகவும் தாழ்த்தி உட்கார்ந்தேன், கால் முன்னால் சாய்ந்தது, ராடு மேலே வரும் வழியில் அது நின்றது. கிடக்கும் எடை தன் வழியில் நேராக எழும். நாம்தான் அதற்கு ஏற்றபடி நிற்க வேண்டும். ‘கிடை’ என்ற சொல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறது.

அந்த இடத்தின் பெயரும் தாளில் வேண்டும். ‘முன்னங்கால்’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். அது மாட்டுக்கு. மனிதருக்குக் கணைக்கால் என்ற நல்ல சொல் இருக்கிறது, சேர மன்னன் கணைக்கால் இரும்பொறையின் பெயரிலேயே. கணுக்கால் வேறு, அது பாதத்துக்கு மேலே உள்ள மூட்டு. அச்சில் ஒரே எழுத்து மாறிப் பொருள் மாறிவிடும் என்பதால் தாளில் படமும் போடச் சொல்லியிருக்கிறேன். காயத்துக்குச் ‘சிராய்ப்பு’ இருக்க, புதிதாக ஒன்றும் தேட வேண்டாம்.

தாளில் இப்போது இருப்பது இது:

கிடையெடுப்பு. ராடு பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே இருக்கட்டும். குனிந்து பிடி. கணைக்கால் ராடைத் தொடும்வரை முழங்காலை மடக்கு, ராடை நகர்த்தாதே. நெஞ்சை நிமிர்த்தி, முதுகை நேராக்கி, தரையைக் காலால் அழுத்தி எழு. இறக்கும்போது இடுப்பு முதலில் பின்னால் போகட்டும். ராடு முழங்காலைத் தாண்டிய பிறகுதான் முழங்கால் மடங்க வேண்டும், இல்லையென்றால் முட்டியில் இடிக்கும். முழங்கால்வரை காலுறை போடு. சிராய்ப்பு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மூடு, அப்புறம் ராடில் பட்ட ரத்தத்தையும் துடைத்துவிட்டுப் போ.

கடைசி வரி மாஸ்டர் சேர்க்கச் சொன்னது.

ஒன்று மட்டும் பாக்கி. ராடின் அந்தச் சொரசொரப்பை, குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய அந்தக் கோடுகளை, லேத் பட்டறையில் ‘நர்லிங்’ என்கிறார்கள். ‘பிடிவரி’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை. பட்டறையில் வேலை பார்த்த அன்பர்கள் யாராவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது.