ஒரே தாங்கியில் இருவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வட்டாரத்தில் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழு என்றே பொருள். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு மேற்கத்தியச் சேர்ந்திசைக் குழுவின் இரண்டாம் வயலின் வரிசையில் சேர்ந்தபோது, "எந்தக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போறே?" என்றுதான் என் அக்கா கேட்டார்.

நான் கற்றது கர்நாடக வயலின். தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, கம்பிகளை ச–ப–ச–ப என்று சேர்த்துப் பழகியவனுக்கு, நாற்காலியில் அமர்ந்து, தாடையால் இடுக்கிக்கொண்டு, கமகமில்லாமல் சுரத்தை நேராக நிறுத்துவதே முதல் ஆறு மாதப் பாடமாயிற்று.

இவ்வகைக் குழுவில் வயலின்காரர் இருவருக்கு ஓர் இசைத்தாள் தாங்கி. உட்புறம் அமர்ந்தவர் வாசிப்பை நிறுத்திப் பக்கத்தைப் புரட்ட, மற்றவர் இடைவெளி தெரியாமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும். எனக்குத் துணையாக வாய்த்தவர் உம்லாசியைச் சேர்ந்த சூலுப் பெண். அவர் என்னைப் 'பாபா' (சூலுவில் அப்பா) என்பார். நான் அவரைச் 'சிசி' (சகோதரி) என்பேன். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைக் குடியேற்றிய எங்கள் சாட்ஸ்வொர்த், வெள்ளையர் பகுதிகளுக்கும் கறுப்பினத்தவரின் உம்லாசிக்கும் நடுவே ஒரு தடுப்பாகவே திட்டமிடப்பட்டது. அந்தத் தடுப்புக்குள் வளர்ந்த நான், உம்லாசியில் ஒரு வீட்டுக்குள்ளும் அதுவரை கால்வைத்ததில்லை.

இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்மும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதும் 1999-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய 'மேற்கு–கிழக்கு திவான்' குழுவைப் பற்றி அப்போதுதான் படித்தேன். அங்கும் இஸ்ரேலியரும் அரபியரும் ஒரே தாங்கியைப் பகிர்ந்து, ஒரே சுரத்தை ஒரே வில்வீச்சில் எழுப்ப முயல்கிறார்கள். 2005-இல் பாலஸ்தீனத்தின் ரமல்லாவில் வாசிப்பதற்காக அவர்களுக்கு ஸ்பெயின் அரசு தூதரகக் கடவுச்சீட்டுகளே வழங்க வேண்டியிருந்தது. எங்களுக்கோ ஒரு டாக்சிக் கட்டணம் போதும். அதைக்கூட நான் செலவழித்ததில்லை. தம் குழு சமாதானத்தைக் கொண்டுவராது, அது அறியாமைக்கு எதிரான முயற்சி மட்டுமே என்று பாரன்பாய்ம் அடக்கத்துடன் சொல்லிவந்ததை, முதலில் வெறும் அவையடக்கம் என்றே எண்ணினேன்.

பிறகு 2021 ஜூலைக் கலவரம் வந்தது. கொள்ளைக்கு அஞ்சி இந்தியர் பகுதிகளில் தெருத்தடுப்பு அமைத்துக் காவல் நின்றார்கள். அப்படியொரு பகுதியான, டர்பனின் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஒத்திகை மீண்டும் தொடங்கிய மாலையில், சிசியின் உறவினர் யாரேனும் அங்கே அகப்பட்டார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் பக்கம் முடியும் இடத்தில் கை நடுங்கி, இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். அவர் நினைவிலிருந்தே வாசித்துக்கொண்டு போய், ஓய்வு வந்த இடத்தில் ஒட்டியிருந்த தாளை வில்நுனியால் பிரித்துவிட்டார். முகத்தைத் திருப்பவில்லை.

சில வாரங்கள் கழித்து, வில் இறங்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தபோது, "பாபா, அந்த இரவுகளில் உங்கள் தெருத்தடுப்பில் நீங்களும் நின்றீர்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நின்றேன் என்றேன். இரண்டு இரவுகள், கையில் கிரிக்கெட் மட்டையுடன், யாரையும் அடிக்காமல், யாரையும் உள்ளே விடாமல். அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த வரியைக் குறித்தார்.

அடுத்த ஒத்திகைக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். எனக்கு முன்பே வந்து உட்புற நாற்காலியில் அமர்ந்திருந்தார். இனிப் பக்கத்தைத் தாமே புரட்டுவதாகச் சொன்னார்.