ஏழு பேர் வந்தா ஆட்டம் உண்டு: கீழ் டிவிஷன் லீக் அனுபவங்கள்

டச்லைன் செக்ரட்டரி, வடசென்னை

ஃபுட்பால் லீக்ல ஒரு முழு சீசன் டீம் நடத்தினவங்க, ஆடினவங்க, விசில் ஊதினவங்க இங்க இருந்தா உங்க கதையைச் சொல்லுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

எங்க டீம் சென்னை லீக்ல கீழ் டிவிஷன். பசங்க வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி. பாதிப் பேர் சாப்பாடு டெலிவரி, ரெண்டு பேர் மெக்கானிக், மீதி காலேஜ். மேட்ச் முக்கால்வாசி வேலை நாள்ல வரும். முந்தின ராத்திரி குரூப்ல பதினாறு பேர் கட்டைவிரல் தூக்கிக் காட்டுவாங்க. காலைல கிரவுண்டுக்கு வர்றது ஒன்பது பேர். ஃபார்மேஷன், டாக்டிக்ஸ்னு டிவில பேசுறதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? ஏழு பேர் இல்லைன்னா ஆட்டமே ஆரம்பிக்க முடியாது, வாக்ஓவர், ஆடாமலே எதிர் டீமுக்கு ஜெயிப்பு. நான் போடுற ஒரே திட்டம் தலைய எண்ணுறதுதான்.

இதுல செக்ரட்டரிக்கு ஒரு வேலை இருக்கு. ஆட்டத்துக்கு முன்னாடி ரெஃப்ரிகிட்ட குடுக்கிற லிஸ்ட்ல பேர் இருந்தா, பையன் லேட்டா வந்தாலும் உள்ள இறங்கலாம். பேர் இல்லைன்னா மெஸ்ஸியே வந்தாலும் கோட்டுக்கு வெளியதான்.

எங்க ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் கேரளாவுல மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதான் டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால், ஆடப் போயிட்டான். தப்பு சொல்ல மாட்டேன். அங்க ராத்திரி ஃப்ளட்லைட், நிறைஞ்ச கேலரி, ஆப்பிரிக்காவுல இருந்து கூட்டிட்டு வந்த ஆளுங்களோட சேர்ந்து ஆட்டம், முடிஞ்சதும் கையில காசு. இங்க நான் குடுக்கிறது வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணியும். மேட்ச்சுக்கு முந்தின நாள் பூரா ஃபோன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். வரமாட்டான்னு முடிவு பண்ணி, லிஸ்ட்ல அவன் இடத்துல வேற பையன் பேரை எழுதிட்டேன்.

ஆட்டம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் இருக்கும். தோள்ல பையோட கேட்டுல நிக்கிறான். திரூர்ல ரயிலேறி, விடியக்காலம் சென்ட்ரல்ல இறங்கி, நேரா வந்திருக்கான். ஃபோன் சார்ஜ் போயிடுச்சாம். உள்ள நாங்க ஒன்பது பேர்தான். ரெஃப்ரிகிட்ட கெஞ்சினேன். அவர் லிஸ்ட்டைத் திருப்பிக் காட்டினார், அவ்ளோதான். நான் பேர் எழுதின அந்த இன்னொரு பையன் கடைசி வரைக்கும் வரவேயில்ல.

இவன் பூட்ஸைக் கழட்டாமலே எதிர் டீம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால போய் உட்கார்ந்து வெளிய போற பந்தை எடுத்துப் போட்டுட்டு இருந்தான். 0-1 தோல்வி. முடிஞ்சதும் கையேந்தி பவன்ல நாலு இட்லி சாப்பிட்டுட்டு, "அடுத்த வாட்டி எழுதிருண்ணா"ன்னான். திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

மஞ்சள் அட்டை

நான் கொஞ்ச காலம் ரெஃப்ரியா இருந்தவன். அந்த ரெஃப்ரி செஞ்சது சரிதான், கோவிச்சுக்காதீங்க.

கீழ் டிவிஷன்ல விசிலை விட முக்கியமான வேலை சாக்ஸைத் தடவிப் பார்க்கிறது. முழங்காலுக்குக் கீழ அடிபடாம சாக்ஸுக்குள்ள வைக்கிற ஷின் கார்ட் கட்டாயம். தட்டிப் பார்த்தா 'டப் டப்'னு அட்டைப்பெட்டிச் சத்தம் வரும். ஒரு பையன் தண்ணி பாட்டிலை வெட்டி வச்சிருந்தான். இன்னொருத்தன் வச்சிருந்தது லேப் ரெக்கார்ட் நோட்டு அட்டை. ஆளுக்கு ஒரு ஜோடி கூட இருக்காது. மாத்து ஆள் உள்ள வரும்போது வெளிய வர்றவன் கழட்டிக் குடுப்பான், அதையும் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி நின்னுருக்கேன்.

மறக்காத ஆட்டம் ஒண்ணு. ஒரு டீம் ஏழு பேரோட இறங்குச்சு. 70 நிமிஷம் தாண்டி ஒருத்தனுக்குக் கணுக்கால் மடங்கிப் போச்சு. தூக்கிட்டுப் போனா ஆறு, ஆட்டம் அங்கேயே முடியும். ஸ்கோர் 1-1. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவங்க கேப்டன் என் முகத்தைப் பார்க்கிறான். கீழ கிடந்த பையன் எந்திரிச்சான், ஒத்தைக் கால்ல நொண்டிட்டே போய் எதிர்ப் பக்க கார்னர் கொடிகிட்ட நின்னுட்டான். பந்து அந்தப் பக்கம் வரவேயில்ல. ஆனா ஆள் கோட்டுக்குள்ள நிக்கிறானே. ஏழு கணக்குதான். மிச்ச நேரமும் ஊதினேன். செஞ்சது சரியான்னு இன்னிக்கும் யோசிப்பேன்.

நாவாந்துறைப் பெடியன்

யாழ்ப்பாணத்துக் கதை ஒண்டு சொல்லுறன். இஞ்ச உதைபந்தாட்டம் எண்டா கரையோர ஊருகள்தான், குருநகர் பாடுமீன், நாவாந்துறை சென் மேரிஸ் எண்டு சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். நான் முகாமையாளரா நிண்டது அதுகளை விடச் சின்னக் கழகம் ஒண்டில.

எங்கட பெடியளில முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போறவை. கோல் காக்கிற பெடியன், எங்கட கோலியும் அப்பிடித்தான். வலை இழுத்துப் பழகின கை, பந்து பிடிச்சா வழுகாது. ஆனா கடல் அமைதியா, மீன் படுற நாளெண்டா எட்டுப் பேர்தான் மைதானத்துக்கு வருவினம். காத்துக் கிளம்பி வள்ளம் இறக்கேலாத நாளில பதினொரு பேரும் நிப்பினம், மாத்து ஆக்களும் இருப்பினம். அந்த வருசம் நாங்கள் வெண்ட ஆட்டமெல்லாம் காத்தடிச்ச நாளில வெண்டதுதான்.

அரையிறுதிக்கு முதல் நாள் பின்னேரம் கரையில நிண்டு வானத்தைப் பாத்துக்கொண்டிருந்தன். கோலியின்ர அம்மா கண்டிட்டா. "தம்பி, நீ காத்துக்கு நேந்துகொண்டு நிக்காத, எங்கட அடுப்பு எரிய வேணும்" எண்டா. வெக்கமாப் போச்சு. அடுத்த நாள் கடல் கண்ணாடி மாதிரி. மூண்டு கோல் வாங்கினம். இரவு அவ ஒரு பை நிறைய மீன் குடுத்து விட்டவ.

மூணாம் நம்பர்

செவன்ஸ்ல காசு இருக்கும்போது லீக்குக்கு ஏன் வரணும்னு எங்க பசங்களும் கேப்பாங்க. எங்க தலைமுறைக்கு ஒரே பதில்தான்: ஸ்போர்ட்ஸ் கோட்டா, விளையாட்டை வச்சுக் கிடைக்கிற வேலை. ஐ.சி.எஃப். (ரயில் பெட்டி ஃபேக்டரி), சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் மாதிரி டீம்காரங்க கண்ணுல படணும்னா லீக் ரெக்கார்டு வேணும். செவன்ஸ்ல நாப்பது கோல் போட்டாலும் பேப்பர்ல ஒரு வரி இருக்காது.

இப்பத்த பசங்க வேற வீடியோ காட்டுறாங்க. 2023 டூரண்ட் கோப்பையில மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்காக நந்தகுமார் சேகர் அடிச்ச கோல். ஒரே ஊர் டீம் ரெண்டும் மோதுற கொல்கத்தா டெர்பி, 1-0. அவர் வியாசர்பாடி ஆளு. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் எங்க பிராக்டிஸுக்கு முப்பது பேர் வந்தாங்க. மூணாவது வாரம் பழையபடி பத்து.

செக்ரட்டரிண்ணா, அந்த ஸ்ட்ரைக்கர் மறுபடி ஆடினானா?

டச்லைன் செக்ரட்டரி, வடசென்னை

ஆடினான். மீதி ஆட்டத்துக்கெல்லாம் அவன் பேரைத்தான் முதல்ல எழுதினேன், வந்தாலும் வராட்டியும். ரெண்டு ஆட்டத்துக்கு வரல. சீசன் முடிஞ்சு மேல் டிவிஷன் டீம் ஒண்ணு கூப்பிட்டுச்சு. டிரான்ஸ்ஃபர் பேப்பரை நான்தான் நிரப்பிக் குடுத்தேன். இனிஷியலை மாத்தி எழுதிட்டேன், அவனே பார்த்துச் சொன்னான்.