முதல் தடவையா ஃபிஞ்ச் வாங்குறோம்: ஜோடியா? பானை வைக்கணுமா?

தில்லைநகர் வாசி:
வணக்கம். திருச்சியில ரெண்டாவது மாடி ஃபிளாட், கிழக்குப் பார்த்த பால்கனி. பொண்ணு ஆறாவது படிக்கிறா, குருவி வேணும்னு ஒரே பிடிவாதம். லவ் பேர்ட்ஸ் சத்தம் தாங்காதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார், அதனால ஃபிஞ்ச். கடைக்காரர் ஒரு ஜோடி ஜீப்ரா ஃபிஞ்ச், வட்டக் கூண்டு, முட்டை போட உள்ளே மாட்டுற மண் பானை எல்லாம் சேர்த்துத் தர்றேங்கிறார். தீனியும் தண்ணியும் வச்சா போதுமாம், வேற வேலையே இல்லையாம். அதே கடையில வெள்ளைப் புள்ளி வச்ச சிவப்புக் குருவி ஒண்ணும் காட்டினார், ஸ்ட்ராபெரி ஃபிஞ்ச்னு சொன்னார். எதை எடுக்கலாம்?

கூண்டுக்காரன்:
ஜீப்ராவே எடுங்க அக்கா, புதுசா வளர்க்கிறவங்களுக்கு அதுதான் சரி. ஆனா வட்டக் கூண்டு வேண்டாம். லவ் பேர்ட்ஸ் கம்பியைக் கவ்விக்கிட்டு ஏறும், இறங்கும். ஃபிஞ்ச் ஏறாது, பக்கவாட்டுல பறக்கும். அதனால உயரம் வீண், நீளம்தான் கணக்கு. ரெண்டரை அடியாவது இருக்கட்டும். கம்பிக்கு நடுவுல அரை அங்குலத்துக்கு மேல இடைவெளி இருந்தா தலையை விட்டு மாட்டிக்கும்.

தீனி: தினை, சாமை. வாரத்துல ரெண்டு நாள் கொஞ்சம் கீரை, அவிச்ச முட்டை. நாட்டு மருந்துக் கடையில கடல் நுரை, அதாவது கணவாயோட ஓடு, கேட்டா தருவாங்க, கூண்டுல செருகி வைங்க, சுண்ணாம்புச் சத்து அதுலயே கிடைக்கும். இன்னொண்ணு, இது யாரும் சொல்ல மாட்டாங்க: ஃபிஞ்ச் தினையைத் தோலுரிச்சுத் தின்னுட்டு உமியை அதே கிண்ணத்துல விட்டுடும். மேலாகப் பார்த்தா கிண்ணம் நிறைஞ்ச மாதிரியே இருக்கும், உள்ளே ஒரு மணி இருக்காது. பன்னிரண்டு கிராம் பறவை, ஒரு நாள் பட்டினி கூடத் தாங்காது. தினமும் காலையில உமியை ஊதிவிட்டுப் புதுசு போடுங்க.

வேப்பமரம்:
கேட்டவர் முதல் தடவை வளர்ப்பவர் என்பதால் நேரடியாகவே சொல்கிறேன். வாங்காதீர்கள். முதலில் அந்தச் "சிவப்புக் குருவி". அது வெளிநாட்டுப் பறவை அல்ல. நம் வயல் ஓரங்களிலும் நாணல் புதர்களிலும் வாழும் சிவப்புச் சில்லை. ஆணுக்கு அந்தச் சிவப்பு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான், மற்ற மாதங்களில் மங்கிய பழுப்பு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை அது, வலை போட்டுப் பிடித்து வருவதுதான் வழக்கம். விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பச்சை, மஞ்சள் சாயம் முக்கி "ஃபாரின் ஃபிஞ்ச்" என்று விற்பதும் நடக்கிறது.

அப்படிப்பட்ட கடையில் நீங்கள் ஜீப்ரா வாங்கினாலும் அந்தப் பணம் அந்த வலைக்காரருக்கும்தான் போகிறது.

கூண்டுக்காரன்:
சில்லை விஷயத்துல சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி. அந்தக் கடையையே விட்டுடுங்க அக்கா. ஆனா ஜீப்ராவை அதோட சேர்க்காதீங்க சார். அது ஆஸ்திரேலியப் பறவை. அந்த நாடு தன் காட்டுப் பறவைகளை வியாபாரத்துக்கு வெளியே அனுப்புறதை எப்பவோ நிறுத்திடுச்சு. இங்க விக்கிறது எல்லாம் தலைமுறை தலைமுறையா கூண்டுல பிறந்ததுங்க. பெங்காலி ஃபிஞ்சுன்னு இன்னொரு கூண்டுப் பறவை இருக்கே, அதுக்குக் காடே கிடையாது. வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பான்காரங்க இருநூறு வருஷத்துக்கு மேல வளர்த்து வளர்த்து உருவாக்கினது. இதுங்களை எங்க கொண்டுபோய் விடச் சொல்றீங்க?

வேப்பமரம்:
விடச் சொல்லவில்லை. வாங்க வேண்டாம் என்கிறேன், இரண்டும் வேறு. கூண்டில் பிறந்தால் சிறகுக்கு வேலை இல்லாமல் போய்விடுமா? பறவைகளுக்குப் பறக்கும் உரிமை உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015இல் சொன்னது. அந்தப் பால்கனியில் ஒரு அகல மண்சட்டியில் தண்ணீரும் ஒரு பிடி கம்பும் வையுங்கள். சிட்டுக்குருவி வரும், தவிட்டுக்குருவி தண்ணீர் குடிக்க வரும், வயல் பக்கத்தில் இருந்தால் சில்லையே வரும். குழந்தை பார்த்துக்கொள்ளட்டும்.

கூண்டுக்காரன்:
ரெண்டாவது மாடிக்கு முதல்ல புறாதான் வரும் சார். அப்புறம் அந்த எச்சத்தை யார் கழுவுறது?

சேலம் சுந்தரி:
ரெண்டு பேரும் தத்துவம் பேசிட்டே இருங்க. அந்தப் பொண்ணு வீட்டுல நாளைக்கு நிஜமா என்ன நடக்கும்னா, அந்தப் பானைதான். நானும் ஜீப்ரா வளர்க்கிறவதான், வளர்க்காதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா புதுசா வாங்குறவங்களுக்குப் பானை குடுக்கிறது வம்பை விலைக்கு வாங்குற மாதிரி. பானை வச்ச கொஞ்ச நாள்லயே நாலு, அஞ்சு, ஆறு முட்டை. ரெண்டு வாரத்துல பொரியும், அப்புறம் மூணு வாரத்துல குஞ்சு வெளியே வரும். அதுங்க இறகு மாறி முடியறதுக்குள்ள தாய் அடுத்த முட்டைக்கு உட்கார்ந்திருக்கும். மூணு மாசத்துல அந்தக் குஞ்சுங்களும் ஜோடி சேரும், அண்ணன் தங்கச்சின்னு பார்க்காது. ரெண்டரை அடி கூண்டுல இத்தனையை எங்க வைப்பீங்க? கடைசியில அதே கடைக்காரர்கிட்டத்தான் திருப்பிக் குடுப்பீங்க.

அதுக்கும் மேல பெண் பறவை வீணாப்போகும். சத்து வத்தி, முட்டை உள்ளேயே சிக்கிக்கும். இறகை உப்பிக்கிட்டு கூண்டுத் தரையில உட்கார்ந்து வாலை ஆட்டினா அதுதான். பறவை பார்க்கிற டாக்டர் பக்கத்துல இல்லாத ஊர்ல அன்னிக்கே போயிடும்.

கூண்டுக்காரன்:
பானை வைக்கலைன்னா முட்டை போடாதுன்னு யார் சொன்னது? தீனிக் கிண்ணத்துலயே போடும். அது சொந்த ஊர்ல மழை பெஞ்சு புல் விதை நிறைஞ்சா உடனே கூடு கட்டுற பறவை, மாசம் நாள் பார்க்காது. நம்ம வீட்டுல வருஷம் முழுக்க தினை, கீரை, குளிக்கத் தண்ணி, அதுக்கு எப்பவும் மழைக்காலம்தான். பானை இருந்தா முட்டையாவது ஒரு இடத்துல இருக்கும். எடுத்துட்டு பிளாஸ்டிக் முட்டை வச்சிடலாம், அது அடைகாத்து அலுத்து விட்டுடும். குஞ்சு பொரிக்கிறதைப் பார்க்கிறதுதான் பிள்ளைங்களுக்கு ஆசையே. ஆண் குஞ்சு அப்பனோட பாட்டைக் கேட்டுக் கேட்டு உளறிப் பழகும் பாருங்க, அதைப் பார்க்காம ஃபிஞ்ச் வளர்த்து என்ன?

சேலம் சுந்தரி:
பிளாஸ்டிக் முட்டையை மாத்திக்கிட்டு உட்கார்றது உங்களுக்குப் பொழுதுபோக்கு. ஆறாவது படிக்கிற பிள்ளை வீட்டுக்கு அது சரிவராது. வழி சுலபம்: ரெண்டு ஆண் வாங்குங்க. ஜீப்ரா தனியா இருக்கக் கூடாது, ஆனா துணைக்குப் பெண்தான் வேணும்னு இல்ல. பெண் பக்கத்துல இல்லாத வரைக்கும் ரெண்டு ஆண் ஒத்துமையா இருக்கும், ரெண்டும் பாடும், முட்டை கிடையாது.

கூண்டுக்காரன்:
ஒத்துமையா இருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. சின்னக் கூண்டுல ஒண்ணு இன்னொண்ணோட தலை முடியைப் பிடுங்கி மொட்டையாக்கினதையும் பார்த்திருக்கேன்.

சேலம் சுந்தரி:
சின்னக் கூண்டுல ஜோடியும்தான் பிடுங்கும். அதுக்குத்தானே நீங்களே நீளக் கூண்டு சொன்னீங்க.

தில்லைநகர் வாசி:
கடையை மாத்திட்டோம், சிவப்புக் குருவி பேச்சே வேண்டாம். ஒரு சந்தேகம், பிடிச்சுத் தடவ முடியுமா? பொண்ணு அதைத்தான் கேக்குறா. பால்கனியிலேயே வைக்கலாமா?

சேலம் சுந்தரி:
தடவ முடியாதும்மா. இது கைக்கு வர்ற பறவை இல்ல, பிடிச்சாலே நெஞ்சு படபடத்துப் போயிடும். உட்கார்ந்து பார்க்கத்தான். இதை முன்னாடியே பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, இல்லைன்னா ஒரு மாசத்துல அலுத்துடும், வேலை உங்க தலையில விழும்.

பால்கனி சரி, ஆனா காலை வெயில் நேரா அடிக்கிற இடத்துல வேண்டாம். காக்காவும் பூனையும் கம்பி வழியாவே இழுத்துடும், வலை கட்டணும். ராத்திரி உள்ளே எடுத்து வைங்க, சமையலறைக்குள்ள மட்டும் வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் காஞ்சு கிளம்புற புகை பறவைக்கு விஷம், நமக்கு வாசனை கூடத் தெரியாது. ஸ்டாண்டோட காலைத் தண்ணிக் கிண்ணத்துல வைங்க, எறும்பு ஏறாது.

வேப்பமரம்:
தடவவும் முடியாது, வெயிலும் ஆகாது, காக்கையும் ஆகாது, புகையும் ஆகாது. இத்தனை பாடுபட்டு எட்டிப் பார்ப்பதற்குத்தான் அந்தக் கூண்டு. மண்சட்டி யோசனை அப்படியே இருக்கிறது, செலவும் இல்லை.

கூண்டுக்காரன்:
மண்சட்டியும் வைக்கட்டும் சார், யார் வேண்டாம்னா? அக்கா, ரெண்டு ஆண்தான்னு முடிவு பண்ணினா கடையில "ஜோடியாத்தான் குடுப்பேன்"னு அடம் பிடிப்பாங்க, அசையாதீங்க. ஆரஞ்சுக் கன்னம், நெஞ்சுல கறுப்புக் கோடு, விலாவுல வெள்ளைப் புள்ளியோட காவி நிறம் இருந்தா ஆண். வெள்ளை ஜீப்ராவுல இது எதுவும் தெரியாது, அலகு நல்ல சிவப்பா இருக்கிறது ஆண், ஆரஞ்சா இருக்கிறது பெண். அலகு இன்னும் கறுப்பாவே இருந்தா அது குஞ்சு, ஆணா பெண்ணான்னு கடைக்காரருக்கே தெரியாது, எடுக்காதீங்க.