5யூ4ஜி ஹீட்டர் ட்ரான்ஸ்ஃபார்மர்: எச்.டி. சேர்ந்ததும் ஃபியூஸ் போகிறது, உதவி தேவை

வால்வுப்பிரியன்:
ஈஎல்84 வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு பவர் சப்ளை கட்டுகிறேன். எச்.டி. (ஹை டென்ஷன், அதாவது உயர் வோல்டேஜ்) ட்ரான்ஸ்ஃபார்மர் 300-0-300, நடுமுனை சேசிஸில் (உலோகத் தட்டில்). ஏ.சி.யை டி.சி.யாக்கும் 5யூ4ஜி ரெக்டிஃபையர் வால்வின் ஹீட்டருக்குச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய தனி 6 வோல்ட், 3 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர். எச்.டி.யைக் கழற்றிவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டால் நன்றாக எரிகிறது. இரண்டும் சேர்ந்தால், இழை சிவக்கும் நேரத்தில் பட்டென்று ஃபியூஸ் போகிறது. வேறு வால்வு போட்டாலும் அதே கதைதான். ஃபில்டர் கண்டென்சரைக் கழற்றியும் பார்த்தாயிற்று.

காயில்காரர்:
ஹீட்டர் சுற்றின் ஒரு முனையைச் சேசிஸில் கட்டியிருக்கிறீர்களா? மற்ற வால்வுகளுக்குக் கட்டிய பழக்கத்தில் பலரும் இதற்கும் கட்டிவிடுகிறார்கள். 5யூ4ஜியில் தனிக் கேத்தோடு (எலக்ட்ரானை வெளிவிடும் முனை) கிடையாது. 2, 8 பின்களுக்கு நடுவில் இருக்கும் இழைதான் கேத்தோடு. எச்.டி. வெளியே வருவதும் அங்கிருந்துதான், சேசிஸில் கட்டினால் ஷார்ட்.

வால்வுப்பிரியன்:
கட்டவில்லை சார். வால்வைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் சேசிஸுக்கு ஓப்பன் காட்டுகிறது.

ஷார்ட்கட்:
எதற்கு இவ்வளவு பாடு? வால்வுக்குப் பதில் ரெண்டு 1என்4007 டயோடு போதுமே.

காயில்காரர்:
ஓடும். ஆனால் ஈஎல்84 சூடாகும் முன்பே முழு வோல்டேஜும் ஏறி நிற்கும். மெயின்ஸ் 240ஐத் தொட்டால் 440 வோல்ட் வரும், 450 வோல்ட் கண்டென்சர் பாவம்.

வால்வுப்பிரியன், மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும். உங்கள் ஹீட்டர் சுற்றோ சேசிஸுக்கு மேலே 420 வோல்ட் உச்சத்தில் மிதக்கிறது. கடை ட்ரான்ஸ்ஃபார்மரில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே காகிதம் போடுவார்கள், செகண்டரிக்கும் கோருக்கும் (சேசிஸில் உட்காரும் இரும்புத் தகட்டு அடுக்கு) இடையே அவ்வளவு அக்கறை இருக்காது. 6 வோல்ட்தானே என்ற நினைப்பு. இரண்டு பக்க ஒயர்களையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) செகண்டரி–கோர் பாருங்கள்.

வால்வுப்பிரியன்:
பக்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மெக்கர் வாங்கிப் பார்த்தேன். பிரைமரி–கோர் நன்றாக இருக்கிறது. செகண்டரி–கோரில் முள் பூஜ்யத்துக்குப் படுத்துவிட்டது! பிரித்ததில், 18 கேஜ் கம்பி வெளியே வளைந்து வரும் இடம் தகட்டு விளிம்பில் உரசியிருக்கிறது. கடுகளவு கரும்புள்ளி, வார்னிஷ் கருகிப்போயிருக்கிறது.

காயில்காரர்:
அதேதான். முனைக்கு மட்டும் ஸ்லீவ் போட்டுச் சமாளிக்காதீர்கள், காயில் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். செகண்டரியில் எச்.டி. நிற்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோருக்கு 2000 வோல்ட் தாங்க வேண்டும். 6 வேண்டாம், 5 வோல்ட்டாகவே கட்டட்டும். 6 தான் என்றால் 0.33 ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள், 3 வாட் அதில் வெந்துபோகும்.

வந்ததும் எச்.டி. இல்லாமல் வால்வைச் செருகி 2, 8 பின்களில் ஏ.சி. வோல்டேஜ் அளந்து பாருங்கள், 4.75 முதல் 5.25க்குள் இருந்தால் சரி. முதல் கண்டென்சர் 40 மைக்ரோஃபாரடைத் தாண்ட வேண்டாம். அப்புறம் எச்.டி. ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் மட்டும் 60 வாட் சீரிஸ் பல்ப் வைத்து முதல் தடவை போடுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால், நேரடியாகக் கொடுக்கலாம்.