'வேல்யூ ஃபார் மணி'க்கு 'உழைபயன்'னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு பட்ஜெட் ஃபோனை பக்கத்துல பக்கத்துல வச்சு நாம போடுற அட்டவணைல எல்லா வரிக்கும் தமிழ்ப் பேரு வந்தாச்சு, கடைசி வரி மட்டும்தான் பாக்கி. தொடுதிரை இருக்கு, சேமிப்பகம் இருக்கு, புதுப்பிப்பு இருக்கு, ஆனா 'வேல்யூ ஃபார் மணி', அதாவது கொடுக்கிற காசுக்கு பொருள் ஈடாகுதாங்கிற எடத்துல வந்து நிக்கிறோம். ஃபோன் வாங்கப் போறவங்க முதல்ல பாக்கப்போறது அந்த வரியத்தான், அதனால அங்க அரைகுறையா ஒரு சொல்ல போட்டுட்டு போக எனக்கு மனசு வரல. அதுக்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம்னு இதுவரைக்கும் நீங்க எழுதுன மடல் எல்லாத்தையும் படிச்சுட்டுதான் எழுதுறேன்.

> விலைமதிப்புன்னே வச்சிடலாமே, எல்லாருக்கும் புரியும்

புரியும் ஐயா, ஆனா வேற மாதிரி புரியும். விலைமதிப்புள்ள பொருள்னு சொன்னாலே அது விலை ஜாஸ்தியான பொருள்னுதான் மனசுல படும். நாம சொல்ல வர்றது அதுக்கு நேர் எதிரா, கம்மி விலைல நிறைய கிடைக்கிறத.

> பணப்பெறுமதி எப்பிடி? இலங்கைத் தமிழ்ல பெறுமதி நல்லா புழக்கத்துல இருக்கிற சொல்

பெறுமதி எனக்கும் ரொம்பப் பிடிச்ச சொல்தான் அக்கா. ஆனா முன்னாடி 'பண'ன்னு சேர்த்ததும் அந்தப் பொருளோட மதிப்பு பணத்துல எவ்வளவுங்கிற அர்த்தம் வந்துடுது, அதாவது இன்னைக்கு இந்த ஃபோனை வித்தா என்ன கிடைக்கும்ங்கிற கணக்கு. அது வேற ஒரு வரி, அதுக்கும் ஒருநாள் சொல் வேணும், அப்ப இத வச்சுக்கலாம்.

> விலைக்கேற்ற தரம்

இதுதான் ரொம்ப பக்கத்துல வந்தது, பேச்சுலயும் புழங்குது. ஆனா எனக்கு 'தரம்'ங்கிறதுலதான் இடிக்குது. தரம்னா டப்பாவ பிரிக்கிற அன்னைக்கு கைல இருக்கிறது. பட்ஜெட் ஃபோன் விஷயத்துல ஆளுங்க ஏமாறுறது சரியா அந்த இடத்துலதான், முதல் நாள் எல்லா ஃபோனும் நல்லாத்தான் ஓடும். நம்ம அட்டவணைல இருக்கிற அந்த ரெண்டு ஃபோனையே எடுத்துக்குவோம், கம்பெனி பேரு வேண்டாம், முதல் ஃபோன் ரெண்டாவது ஃபோன்னே வச்சுக்குவோம். முதல் ஃபோன் விலை 100 பங்குன்னா ரெண்டாவது 125 பங்கு.

முதல் ஃபோன் டப்பா மேல பெருசா '16 ஜிபி ராம்'னு போட்டிருக்கும், ராம்னா ஆப் ஓடுறப்ப மட்டும் பயன்படுற தற்காலிக நினைவகம். நெஜத்துல உள்ள இருக்கிறது 8 ஜிபிதான், மிச்ச 8 ஜிபி சேமிப்பகத்துலருந்து கடன் வாங்குறது, அதத்தான் விர்ச்சுவல் ராம்ங்கிறாங்க. கேமரா மூணு கண்ணு மாதிரி தெரியும், ஆனா வேலை செய்யிறது ஒண்ணுதான், மத்த ரெண்டும் 2 மெகாபிக்சல் டெப்த் (தூரத்த அளக்கிறது), மேக்ரோ (கிட்டத்துல படம் எடுக்கிறது)ன்னு எண்ணிக்கைக்கு வச்சது. அந்த வேலை செய்யிற ஒண்ணும் 50 மெகாபிக்சல்னு சொன்னாலும் சாதாரணமா எடுக்கிற படம் நாலு பிக்சல ஒண்ணா சேர்த்து 12.5 மெகாபிக்சலாத்தான் வரும். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, இருட்டுல படம் நல்லா வர அதுதான் வழி, ஆனா 50ங்கிற நம்பர வச்சு விலைய எடை போடக் கூடாது.

ஃபோனோட மூளையான சிப்புக்கு வருவோம். முதல் ஃபோன்ல ஹீலியோ ஜி85, ரெண்டாவதுல ஹீலியோ ஜி99. பழசான ஜி85 12 நானோமீட்டர்ல செஞ்சது, புதுசான ஜி99 6 நானோமீட்டர்ல செஞ்சது, இந்த நம்பர் சின்னதா இருந்தா பொதுவா கரண்ட் கம்மியா தின்னும். ரெண்டுலயும் எட்டு கோர்தான் (கோர்னா சிப்புக்குள்ள கணக்கு போடுற பகுதி), ரெண்டு பெரிய கோர் ஆறு சின்ன கோர், ஆனா ஜி85ல அந்தப் பெரிய கோர் கார்டெக்ஸ் ஏ75, ஜி99ல அதுக்கு அடுத்த தலைமுறை ஏ76. நாள் பூரா ஒரே வேலைய செஞ்சாலும் ரெண்டாவது கம்மி சூடாகும், கம்மி பேட்டரி தின்னும். இதெல்லாம் கடைல நின்னு ரெண்டையும் தடவிப் பாத்தா சுத்தமா தெரியாது.

சேமிப்பகத்த மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா பட்ஜெட் ஃபோன் 'ஸ்லோ ஆயிடுச்சு'ன்னு சொல்றவங்க பாதிப்பேருக்கு உண்மையான காரணம் ராமும் இல்ல சிப்பும் இல்ல, இதுதான்னு நான் நெனக்கிறேன். முதல் ஃபோன்ல இருக்கிறது இஎம்எம்சி 5.1ங்கிற பழைய வகை சேமிப்பகம், ரெண்டாவதுல யூஎஃப்எஸ் 2.2ங்கிற புது வகை. இஎம்எம்சி தரநிலைப்படி உச்சமே நொடிக்கு 400 எம்பிதான், யூஎஃப்எஸ் 2.2க்கு அது 1200 எம்பிக்கு பக்கத்துல. ஆனா வேகத்த விட முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு, இஎம்எம்சி ஒரு நேரத்துல ஒண்ணு படிக்கும் இல்ல எழுதும், ரெண்டையும் சேர்ந்தாப்ல செய்யாது, யூஎஃப்எஸ் செய்யும். அதனால என்ன ஆகும்னா, பின்னாடி ஏதோ ஒரு ஆப் அப்டேட் ஆகிட்டு இருக்கு, நீங்க அவசரத்துக்கு கேமராவ தொடுறீங்க, முதல் ஃபோன்ல திரை கறுப்பா நிக்கும், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணலாம், குழந்த சிரிச்சு முடிச்சு ஓடியே போயிருக்கும். சேமிப்பகம் நெறைய நெறைய இது கூடிட்டேதான் போகும். இதுல அந்தக் கடன் வாங்குன 8 ஜிபி ராமும் இதே இஎம்எம்சியத்தான் போட்டு எழுதி அழிச்சு எழுதி அழிச்சுன்னு தேய்க்குது. டப்பா மேல பலம்னு போட்டிருந்ததே ரெண்டாம் வருஷம் பாரமாயிடுது.

திரையும் அப்படித்தான். முதல்ல எச்டி பிளஸ், 720க்கு 1600, ரெண்டாவது ஃபுல் எச்டி பிளஸ், 1080க்கு 2400. பிக்சல் எண்ணிக்கைல ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். 6.7 இன்ச் திரைல முதல் ஃபோனுக்கு இன்ச்சுக்கு 262 பிக்சல் வரும், ரெண்டாவதுக்கு 393. தமிழ் படிக்கிறவங்க இத கண்டிப்பா கவனிக்கணும், எழுத்த சின்னதா வச்சு ஒரு நீளமான கட்டுரையத் திறந்து 'ண'வும் 'ன'வும் அடுத்தடுத்து வர்ற வரிய பாருங்க, எச்டி பிளஸ்ல அந்தச் சுழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மங்கலா நிக்கும். ஜி85 மாதிரி சிப்புக்கு குறைஞ்ச பிக்சல் சுமை கம்மிங்கிறதும் உண்மைதான், அதையும் சொல்லிடுறேன்.

இப்ப காலக் கணக்கு. முதல் ஃபோனுக்கு கம்பெனி சொல்றது நாலு வருஷ பாதுகாப்பு புதுப்பிப்பு. ஆனா அந்த நாலு வருஷம் நாம வாங்குற அன்னைக்கு தொடங்குறது இல்ல, ஃபோன் அறிமுகமான அன்னைக்கே தொடங்கிடுது. வெளிவந்து ஒன்றரை வருஷம் ஆன ஃபோன தள்ளுபடில புதுசா வாங்குனா நம்ம கைக்கு வர்றது ரெண்டரை வருஷம்தான். தள்ளுபடி எதுக்குன்னு அப்பதான் புரியும். ரெண்டாவது ஃபோனுக்கு ஆறு வருஷம் உறுதி, இப்ப பட்ஜெட் வரிசைலயே இது வர ஆரம்பிச்சிருச்சு, 2024 கடைசில வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16க்கே ஆறு வருஷம்னு அறிவிச்சாங்க. ரெண்டாவதும் வெளிவந்து ஒரு வருஷம் ஆச்சுன்னு வச்சா நமக்கு அஞ்சு வருஷம் மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20லருந்து இதுக்கு விதியே வந்துடுச்சு, ஒரு மாடல விக்கிறத நிறுத்துன தேதிலருந்து குறைஞ்சது அஞ்சு வருஷம் புதுப்பிப்பு கொடுக்கணும், பேட்டரி 800 தடவ முழுசா ஏறி இறங்குன பிறகும் 80 சதவீதம் தாங்கணும். பாருங்க, அறிமுகமான தேதிய எடுத்துக்காம விற்பனை நிக்கிற தேதிய எடுத்திருக்காங்க. நாள் எங்கருந்து எண்றோம்ங்கிறதுதான் முழு விஷயமே.

800 தடவைங்கிறது தினம் ஒரு முழு சார்ஜ் போட்டா ரெண்டு வருஷம் ரெண்டு மாசத்துக்கு பக்கத்துல வரும், அதுக்கப்புறம் ஃபோன் செத்துடாது, பேட்டரி மாத்தணும் அவ்வளவுதான். ரெண்டாவது ஃபோன் பெட்டில சார்ஜர் கிடையாது, அதுக்கு 5 பங்கு. நடுவுல ஒரு பேட்டரி மாத்த 10 பங்கு. ஆக 125ங்கிறது 140 ஆச்சு, அஞ்சு வருஷத்துக்கு வகுத்தா வருஷத்துக்கு 28. முதல் ஃபோன் 100ஐ ரெண்டரையால வகுத்தா 40. கம்மி விலை ஃபோன்தான் வருஷக் கணக்குல ஜாஸ்தி. புதுப்பிப்பு நின்னாலும் ஃபோன் ஓடத்தானே செய்யும்னு கேக்கலாம், ஓடும், பாட்டு கேக்க படம் பாக்க வச்சுக்கலாம், ஆனா பேங்க் ஆப் இருக்கிற ஃபோன பாதுகாப்பு ஓட்டைய அடைக்காம வச்சிருக்கிறத நான் ஓடுறதுன்னு கணக்குல எடுத்துக்க மாட்டேன்.

சரி, இவ்வளவும் எதுக்கு சொன்னேன்னா, நம்ம கடைசி வரி அளக்கிறது விலைய மட்டுமும் இல்ல, முதல் நாள் தரத்தையும் இல்ல, அந்தப் பொருள் எவ்வளவு காலம் எவ்வளவு நல்லா நமக்கு வேலை செஞ்சு கொடுக்குதுங்கிறத. இதுக்கு பேச்சுத் தமிழ்ல ஏற்கனவே சொல் இருக்கு. செருப்பு வாங்குறப்ப 'இது நல்லா உழைக்குமா'ன்னுதானே கேக்குறோம். 'கொடுத்த காசுக்கு மேலயே உழைச்சிருச்சு'ன்னு சொல்றோம். 'வேல்யூ ஃபார் மணி'ன்னு இந்த எடத்துல நாம தேடுறத அந்த 'உழைக்கிறது' ஒரு வினைலயே சொல்லிடுது.

அதுலருந்து உழைபயன்னு எடுக்கலாம்ங்கிறது என் முன்மொழிவு. உழை, பயன் ரெண்டும் சேர்ந்த வினைத்தொகை. உழைத்த பயன், உழைக்கிற பயன், உழைக்கும் பயன்னு மூணு காலத்துக்கும் விரியும், நமக்கு வேண்டியதும் அதுதான், இன்னைக்கு எப்பிடி ஓடுதுங்கிறதும் இனிமே எவ்வளவு ஓடும்ங்கிறதும் ஒரே சொல்லுக்குள்ள வரணும். கணினித் தமிழ்ல நிலைச்ச சொல்ல பாருங்க, தொடுதிரை, தேடுபொறி, இயங்குதளம், மூணுமே வினைத்தொகைதான், சின்னதா இருக்கு, வாய்ல நிக்குது.

> உழைபயன்னா 'உழைப்பின் பயன்'னு எடுத்துக்க மாட்டாங்களா? பாடுபட்டதுக்கு கிடைச்ச கூலி மாதிரி?

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நடுவுல 'ப்' போட்டு 'உழைப்பயன்'னு எழுதுனா அந்தக் குழப்பம் கட்டாயம் வரும். வினைத்தொகைல வல்லினம் மிகாது, அதனால ஒற்று இல்லாம எழுதுறதுதான் சரி, குழப்பமும் பாதி அங்கயே போயிடும். மீதி சொல்லு வர்ற இடத்துல தெளிவாயிடும், ஃபோன் ஒப்பீட்டுல 'உழைபயன்: அதிகம்'னு படிக்கிற யாரும் கூலியப் பத்தி யோசிக்க மாட்டாங்க. நான் முதல்ல 'உழைமதிப்பு'ன்னுதான் யோசிச்சேன், ஆனா பொருளாதாரத்துல உழைப்பு மதிப்புக் கோட்பாடுன்னு பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, ஒரு பொருளோட மதிப்பு அத செய்யப் போன உழைப்பாலதான் வருதுன்னு சொல்றது, அதோட போய் மோத வேண்டாம்னு விட்டுட்டேன்.

> செலவுப்பயன்னு ஏற்கனவே பொருளியல் பாடத்துல வருதே, அதையே எடுத்தா என்ன?

அது ஒரு திட்டத்தோட செலவையும் நன்மையையும் எடை போடுற ஆய்வுக்கு உள்ள சொல், பாலம் கட்டலாமா வேண்டாமாங்கிற மாதிரி முடிவுக்கு. ஒருத்தர் பாக்கெட்ல இருக்கிற ஃபோனுக்கு அது ரொம்ப பெரிய சட்டை. இதுல ரெண்டு அர்த்தம் ஏத்துனா பின்னாடி பாடம் எழுதுறவங்களுக்குத்தான் கஷ்டம்.

இன்னொரு சொல்லும் இதோட சேர்ந்து வேணும். மேல 28, 40ன்னு ஒரு கணக்கு போட்டேன்ல, வருஷத்துக்கு விழுற விலை, அத 'ஆண்டடக்கம்'னு சொல்லலாம்னு தோணுது. வியாபாரத்துல அடக்கவிலைன்னு சொல்றது எல்லாருக்கும் தெரியும், 'எல்லாம் சேத்து எவ்வளவு அடங்குச்சு'ன்னு கேக்குறதும் சாதாரணம். சார்ஜர், கவர், பேட்டரி மாத்துன செலவு எல்லாத்தையும் உள்ள அடக்கி வருஷத்தால வகுத்தா ஆண்டடக்கம். உழைபயன் மொத்த தீர்ப்பு, ஆண்டடக்கம் அதுக்குள்ள வர்ற ஒரு எண்.

அட்டவணைக் குறிப்புல இப்பிடி போடலாம்னு நெனக்கிறேன், திருத்தம் இருந்தா இந்த வரிகளுக்கு கீழயே எழுதுங்க:

உழைபயன்: ஒரு பொருள் தான் பயன்படும் காலம் முழுவதும், கொடுத்த விலைக்கு ஈடாகத் தரும் பயனின் அளவு.
ஆண்டடக்கம்: பொருளின் விலையும் துணைச் செலவுகளும் சேர்ந்து ஓர் ஆண்டுக்கு ஆகும் தொகை.
பயன்பாடு: 'இரண்டாவது ஃபோன் விலை கூடுதல், ஆனால் ஆண்டடக்கம் குறைவு, உழைபயன் அதிகம்.'

பெறுமதி சொன்ன அக்காகிட்ட ஒரு கேள்வி: 'நல்லா உழைக்கும்'னு பொருளுக்குச் சொல்ற வழக்கம் இலங்கைத் தமிழ்லயும் உண்டா? அங்க 'உழைக்கிறது'ன்னா சம்பாதிக்கிறதுங்கிற அர்த்தம்தான் முன்னாடி வந்து நிக்கும்னா, இந்தச் சொல்ல இன்னொரு தடவ யோசிக்கணும், ஒரு கரைல மட்டும் புரியிற சொல்ல அட்டவணைல ஏத்த வேண்டாம். உங்க பதில் வந்த பிறகு அந்த வரிய நிரப்பிடலாம்.

அன்புடன்