புதுப்பிப்பு: முதலாண்டு இயற்பியலுக்கு எந்தக் கணக்கை முதலில் பிடிப்பது?

பி.எஸ்சி. இயற்பியல் முதல் பருவத்துக்கு முன் முக்கோணவியலா, நுண்கணிதமா, எதை முதலில் படிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதலில் வெக்டரைக் கூறுகளாகப் பிரிக்கப் பழகுங்கள், வகையிடல் பிறகு" என்ற யோசனைதான். வெக்டர் என்பது விசையைப் போல அளவோடு திசையும் உள்ளது; வகையிடல் என்பது ஒன்று மாறும் வீதத்தைக் காணும் நுண்கணித முறை. சாய்தளக் கணக்கில் ஒரு அச்சைச் சரிவின் வழியே வரைந்து, கிடைத்த விடையில் கோணத்தை 0 ஆக்கிப் பார்க்க வேண்டும். எடையின் சரிவு வழிக் கூறு 0 ஆகவில்லை என்றால் சைனும் கொசைனும் இடம் மாறியிருக்கின்றன. கூடவே, கோணத்தை 90 டிகிரி ஆக்கினால் முழு எடையும் வர வேண்டும்.

எதிர்பாராதது கால்குலேட்டர். அலைவுக் கணக்கில் கோணம் ரேடியனில் (டிகிரி போல இன்னொரு கோண அலகு) வரும். சைன் 2 என்றால் 0.909, டிகிரியில் வைத்திருந்தால் 0.035 காட்டும். சைனை வகையிட்டால் கொசைன் என்ற விதியும் ரேடியனில்தான் அப்படியே பொருந்தும்.

வகையிடலில் அடுக்கு விதி (x-இன் அடுக்குகளை வகையிடுவது), சங்கிலி விதி (ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால் வகையிடுவது) இரண்டும் இயக்கவியலைத் தொடங்கப் போதும்.