வொயிட்பேப்பர் வேற யாரோடதோ மாதிரி இருக்கு, இந்த ப்ரீசேல் டோக்கன் திருட்டு ப்ராஜெக்டான்னு எப்படி உறுதி பண்றது? உதவி வேணும்

தேன்சிட்டு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா வீட்டுக்காரர் ஒரு புது டோக்கனோட (க்ரிப்டோ காசு) ப்ரீசேல்ல, அதாவது சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடி நடக்கிற விற்பனையில, சேந்திருக்காரு. இப்போதைக்கு கொஞ்சமா போட்டிருக்காரு, அடுத்த ரவுண்டுல பெருசா போடப் போறேன்னு நிக்கிறாரு. ப்ராஜெக்ட் பேரை வேணும்னுதான் இங்க போடல, படிக்கிறவங்க யாராவது போய் வாங்கிடக் கூடாது. ஃபைல்களை உலகம் பூரா இருக்கிற கம்ப்யூட்டர்கள்ல பிரிச்சு சேமிக்கிற நெட்வொர்க்னு சொல்றாங்க, கூடவே டோக்கனை மாத்திக்க சொந்தமா ஒரு எக்ஸ்சேஞ்சும் வருதாம்.

நான் வெப் டெவலப்பர், கோடு படிக்கத் தெரியும், ஆனா க்ரிப்டோ பக்கம் போனதே இல்ல. வொயிட்பேப்பரை (ப்ராஜெக்ட் எப்படி வேலை செய்யும்னு விளக்குற ஆவணம்) பொறுமையா படிச்சேன். நடுவுல சில பக்கம் மட்டும் இங்கிலீஷ் திடீர்னு தெளிவா இருக்கு, மத்த பக்கமெல்லாம் தட்டுத்தடுமாறுது, ஒரு இடத்துல படம் 4ன்னு போட்டிருக்கு ஆனா அதுக்கு முன்னாடி படம்னு ஒண்ணுமே இல்ல. இதெல்லாம் சொன்னா மாமா "அவசரத்துல எழுதியிருப்பாங்க"ன்றாரு. கிட்ஹப்ல (கோடு வெக்கிற தளம்) கோடு இருக்கு, ஆடிட் ரிப்போர்ட் (வெளியாள் கோடை சோதிச்ச அறிக்கை) இருக்கு, டீம் போட்டோ இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்னு கேக்குறாரு. சந்தேகமா இருக்குன்னு மட்டும் சொன்னா கேக்குற ஆள் இல்ல, கையில காட்டுற மாதிரி ஏதாவது வேணும். எங்க ஆரம்பிக்கிறது?

கடலோடி:
படம் 4 நல்ல பிடி. வேற எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டினா மிச்சமிருக்கிறது இந்த மாதிரி எண்கள்தான். இன்னும் பாருங்க, "பகுதி 3.2ல சொன்னபடி"ன்னு இருக்கும், 3.2ன்னு ஒரு பகுதியே இருக்காது. பின்னாடி மேற்கோள் பட்டியல்ல 18 கட்டுரை இருக்கும், உள்ள 7 மட்டும்தான் வந்திருக்கும்.

அப்புறம் அந்த தெளிவான பக்கத்துல இருந்து ஒரு வாக்கியம் எடுத்துக்கோங்க, பொதுவான வாக்கியம் வேணாம், வேற யாரும் அப்படி எழுத மாட்டாங்கன்ற மாதிரி ஒண்ணு, அதை இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டு தேடுங்க. வார்த்தைகளை மட்டும் மாத்தி வெச்சிருந்தா இது சிக்காது. அப்போ சூத்திரத்தையும் அதுல வர்ற குறியீடுகளையும் பாருங்க. திருடுறவன் வார்த்தையை மாத்துவான், சூத்திரத்துல கை வைக்க பயப்படுவான், ஏன்னா அது அவனுக்குப் புரியாது.

மாமாகிட்ட சொல்ல ஒரு தகவல்: 2018 மே மாசம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1,450 ஐசிஓ (புது காயினை வித்து பணம் திரட்டுறது) ப்ராஜெக்ட்களோட ஆவணங்களை எடுத்து ஆராய்ஞ்சாங்க. அதுல 271ல திருடின எழுத்து, உறுதியான லாபம்னு வாக்குறுதி, இல்லாத அல்லது போலியான டீம் இந்த மாதிரி விஷயங்கள் இருந்துச்சு. கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு. இது உங்க மாமா ப்ராஜெக்டுக்கு மட்டும் வந்த புது வியாதி இல்ல.

நூல்கண்டு:
கடலோடி சொன்னது சரி, ஆனா ஒரு விஷயம் சொல்லணும், இல்லன்னா தேன்சிட்டு மாமாகிட்ட தோத்துடுவாங்க. காப்பின்னு நிரூபிச்சா மட்டும் மோசடின்னு ஆயிடாது. க்ரிப்டோல முக்கால்வாசி ஓப்பன் சோர்ஸ், எடுத்து மாத்திக்கலாம்னு எழுதியவங்களே அனுமதி குடுத்திருக்காங்க. 2011ல லைட்காயின் பிட்காயின் கோடுல இருந்துதான் வந்துச்சு, அதை யாரும் மறைக்கல. 2020 ஆகஸ்ட்ல சுஷிஸ்வாப், யூனிஸ்வாப்ன்ற டோக்கன் எக்ஸ்சேஞ்சோட கோடை எடுத்துத்தான் ஆரம்பிச்சாங்க, அதையும் வெளிப்படையாவே சொன்னாங்க.

பாக்க வேண்டியது மூணு. எங்க இருந்து எடுத்தோம்னு சொல்றாங்களா, மறைக்கிறாங்களா. எடுத்ததுல எந்த வரியை மாத்தினாங்க. மாத்தின இடத்தோட சாவி யார்கிட்ட இருக்கு. இதுல ரெண்டாவதுதான் எல்லாம். ஒரு வீட்டை அப்படியே பாத்து கட்டிட்டு பின்வாசலுக்கு மட்டும் தனியா ஒரு சாவி போட்டு தன்கிட்ட வெச்சிருந்தா, நீங்க வீடு ஒரே மாதிரி இருக்கான்னு பாக்கக் கூடாது, அந்த வாசலைத்தான் தேடணும்.

கிட்ஹப்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க. எக்ஸ்சேஞ்ச் கோடு, டோக்கன் கோடு ரெண்டும் இருக்கா?

தேன்சிட்டு:
ரெண்டு பேருக்கும் நன்றி. மேற்கோள் குறி போட்டு தேடினதுல மாட்டிக்கிச்சு, பல வருஷம் முன்னாடி வந்த வேற ஒரு ஸ்டோரேஜ் ப்ராஜெக்டோட ஆவணத்துல அதே பத்தி, அதே படம், அங்கேயும் அது படம் 4தான். ப்ராஜெக்ட் பேரை மட்டும் மாத்தியிருக்காங்க, ஒரு இடத்துல மாத்தவும் மறந்துட்டாங்க.

கிட்ஹப்ல ரெண்டுமே இருக்கு. முதல் கமிட்லயே (கோடுல செஞ்ச மாற்றத்தோட பதிவு) நூத்துக்கணக்கான ஃபைல் மொத்தமா வந்திருக்கு, அதுக்கப்புறம் ரீட்மீ மாத்தினது லோகோ மாத்தினதுதான். லைசென்ஸ் ஃபைல் இல்ல. ஃபோர்க்னு (வேற ஒருத்தர் கோடோட காப்பி) எங்கேயும் காட்டல. ஆனா கமிட் தேதி ரெண்டு வருஷம் முன்னாடின்னு காட்டுது, அதான் குழப்பம்.

நூல்கண்டு:
தேதியை நம்பாதீங்க. கிட்ல கமிட் தேதியை போடுறது அவரவர் கம்ப்யூட்டர்தான், எந்த தேதி வேணும்னாலும் குடுக்கலாம். ரெப்போ (ப்ராஜெக்டோட கோடு மொத்தமா இருக்கிற இடம்) எப்ப உருவாச்சுன்றதை கிட்ஹப் ஏபிஐ தனியா காட்டும், அது அவங்க கையில இல்ல. அதோட டொமைன் எப்ப பதிவாச்சுன்னு ஹூஈஸ்ல (டொமைன் பதிவு விவரம் காட்டுறது) பாருங்க, பழைய பக்கத்தை வேபேக் மெஷின்ல (பழைய இணையப் பக்கங்களை சேத்து வெக்கிற தளம்) பாருங்க. ரெண்டு வருஷமா வேலை செய்றோம்னு சொல்ற ப்ராஜெக்டோட டொமைன் போன மாசம் வாங்கினதா இருந்தா மாமாவுக்கே புரியும்.

ஃபோர்க் பட்டனை அமுக்கினா கிட்ஹப் தானா "இதுல இருந்து ஃபோர்க் ஆனது"ன்னு காட்டிடும். அது தெரியக் கூடாதுன்னுதான் டவுன்லோட் பண்ணி புது ரெப்போவா ஏத்துறாங்க. லைசென்ஸ் ஃபைலை எடுத்தது சின்ன தப்பு இல்ல, எம்ஐடி லைசென்ஸ்ல கூட நிபந்தனைன்னு இருக்கிறதே அந்த ஒண்ணுதான், எழுதினவங்களோட காப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் கூடவே இருக்கணும். அதைக்கூட தூக்கினவங்க வேணும்னு மறைச்சவங்க.

மூலம் எதுன்னு கண்டுபிடிக்க எரர் மெசேஜ்களையும் டெஸ்ட் ஃபைல்களையும் பாருங்க, பேரை மாத்துறவங்க இந்த இடத்துலதான் விட்டுடுவாங்க. யூனிஸ்வாப் கோடா இருந்தா எரர்ல "யூனிஸ்வாப்விடூ: லாக்ட்"னு வரும், விடூன்னா அதோட ரெண்டாவது பதிப்பு.

மூலம் கிடைச்சதும் ரெண்டையும் ஒரே ஃபார்மேட்டர்ல ஓட்டுங்க, கமென்ட் எல்லாம் நீக்குங்க, அவங்க பேரை மூலத்தோட பேரா மாத்திடுங்க, அப்புறம் டிஃப் போடுங்க, அதாவது வரிக்கு வரி ஒப்பிடுங்க. ஆயிரக்கணக்கான வரி ஒண்ணா இருக்கும், ஒரு பத்து இருபது வரி மட்டும் வேறயா இருக்கும். அந்த வரிகளை எழுத்துக்கூட்டி படிங்க. ஓப்பன்ஸெப்பலின் ஃபைல் எல்லாம் ஒண்ணா இருக்கும், அதை விடுங்க, அது எல்லாரும் பயன்படுத்துற லைப்ரரி.

முக்கியமா, கிட்ஹப்ல இருக்கிறதை மட்டும் பாத்தா போதாது. அங்க சுத்தமா வெச்சுட்டு, டோக்கன் நிஜமா ஓடுற ப்ளாக்செயின்ல வேற கோடை போடலாம். மாமாகிட்ட கான்ட்ராக்ட் (செயின்ல ஓடுற கோடு) அட்ரஸ் வாங்கி ஈதர்ஸ்கேன்ல (செயின்ல நடக்கிறதை காட்டுற தளம்) சோர்ஸ் வெரிஃபை ஆயிருக்கான்னு, அதாவது காட்டுற கோடுதான் ஓடுதான்னு, பாருங்க. டோக்கன் பேரையும் சின்னத்தையும் யாரு வேணும்னாலும் வெச்சுக்கலாம், செயின்ல அதை யாரும் தடுக்கிறதில்ல, அட்ரஸ் ஒண்ணுதான் அடையாளம். வெரிஃபை ஆகலன்னா அங்கேயே நிறுத்திடலாம். அது ப்ராக்ஸி கான்ட்ராக்டா இருந்தாலும் கவனம், இன்னைக்கு நீங்க படிச்ச கோடை நாளைக்கு அவங்க மாத்திடலாம்.

அலைபேசி_ரசிகன்:
கெட்ட எண்ணம் இல்லாம காப்பி அடிச்சாலும் ஆபத்துதான்றதை யாரும் சொல்லல. 2021 ஏப்ரல்ல யுரேனியம் ஃபைனான்ஸ்னு ஒண்ணு, யூனிஸ்வாப் விடூ கோடை எடுத்தாங்க, கணக்கு சரிபாக்குற இடத்துல 1000த்தை 10000ன்னு மாத்தினாங்க, அதே கணக்கோட கடைசி வரியில 1000மாவே விட்டுட்டாங்க. அந்த ஒரு எண்ணால சுமார் 5 கோடி டாலர் போச்சு. அதுக்கு முன்னாடி 2018 செப்டம்பர்ல பிட்காயின்லயே ஒரு பெரிய பக் சரி பண்ணாங்க, அந்தக் கோடை காப்பி அடிச்ச பிஜன்காயின் உடனே அப்டேட் பண்ணல, யாரோ அந்த ஓட்டை வழியா கோடிக்கணக்கான காயினை சும்மாவே உருவாக்கிட்டாங்க. மூலத்தை எழுதினவங்களுக்கு அது ஏன் அப்படி இருக்குன்னு தெரியும், காப்பி அடிச்சவங்களுக்கு தெரியாது.

நட்சத்திரம்_77:
நானும் இதே மாதிரி ப்ரீசேல்லதான் இருக்கேன், நல்ல டீம், ஆடிட் பாஸ் ஆயிருக்கு. எங்களாலயும் லிஸ்டிங் (எக்ஸ்சேஞ்ச்ல விற்பனைக்கு வர்றது) வரைக்கும் டோக்கனை விக்க முடியாது, அது எல்லா ப்ரீசேல்லயும் உள்ளதுதான், புரியாம பயமுறுத்தாதீங்க.

கடலோடி:
நட்சத்திரம், ஆடிட் பிடிஎஃப்பை ப்ராஜெக்ட் சைட்ல இருந்து பாக்காதீங்க. ஆடிட் பண்ணின நிறுவனத்தோட சொந்த சைட்டுக்குப் போய் அங்க அந்த ரிப்போர்ட் இருக்கான்னு தேடுங்க. இருந்தா அதுல எந்த கான்ட்ராக்ட் அட்ரஸ், எந்த கமிட்னு போட்டிருக்கும், அது இப்ப ஓடுறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. உள்ள "ஓனருக்கு அளவுக்கு மீறின அதிகாரம் இருக்கு"ன்னு சிவப்புல எழுதியிருந்தா கூட வெளிய பாஸ்னு விளம்பரம் பண்றாங்க. ஆடிட்னா பாஸ் ஃபெயில் கிடையாது, என்னென்ன குறைன்னு எழுதின பட்டியல் அது.

தேன்சிட்டு, டீம் போட்டோவை ரிவர்ஸ் இமேஜ் தேடல்ல போடுங்க. 2018ல ஒரு ஐசிஓ ஹாலிவுட் நடிகர் ரயன் காஸ்லிங் படத்தை வேற பேர்ல தங்களோட கிராஃபிக் டிசைனர்னு போட்டிருந்தாங்க. இப்பெல்லாம் கம்ப்யூட்டரே முகம் செஞ்சு குடுத்துடுது, தேடினா கிடைக்காது, அதனால படம் சிக்கலன்னா நல்லவங்கன்னு அர்த்தம் இல்ல. அந்த ஆள் வேற எங்கேயாவது வேலை செஞ்ச தடம் இருக்கான்னு பாருங்க.

தேன்சிட்டு:
டிஃப் போட்டாச்சு. எக்ஸ்சேஞ்ச் பக்கம் யூனிஸ்வாப் விடூவேதான், எரர் மெசேஜ் வரைக்கும். அதுல ஒண்ணும் மாத்தல. டோக்கன்லதான் சில வரி கூடுதலா இருக்கு. ட்ரான்ஸ்ஃபர் நடக்கும்போது அனுப்புற அட்ரஸ் ஒரு பட்டியல்ல இருக்கான்னு பாக்குது, இல்லன்னா எக்ஸ்சேஞ்ச் பூலுக்கு (விக்கிறப்ப டோக்கன் போற இடம்) அனுப்ப விடல. பட்டியல்ல யாரை வெக்கணும்ன்றது ஓனர் கையில. அப்புறம் ஃபீ சதவீதத்தை மாத்துற ஃபங்ஷன், அதுக்கு உச்சவரம்பே இல்ல. மின்ட்டும் (புது டோக்கன் உருவாக்குறது) இருக்கு, ஆனா அதுக்கு வேற பேர் வெச்சிருக்காங்க, பாத்தா ரிவார்டு கணக்கு போடுற மாதிரி தெரியும். நட்சத்திரம் சொல்ற மாதிரி இது லிஸ்டிங் வரைக்கும் உள்ள பூட்டுதானா?

நூல்கண்டு:
இல்லீங்க. லிஸ்டிங் வரைக்கும் பூட்டுறதுன்னா எல்லாருக்கும் பொதுவா ஒரே ஸ்விட்ச் இருக்கும், ஒரு தடவை திறந்தா மறுபடி மூட முடியாத மாதிரி எழுதியிருப்பாங்க. இங்க ஆள் ஆளா பட்டியல், எப்ப வேணும்னாலும் யாரை வேணும்னாலும் எடுக்கலாம். வாங்கலாம், விக்க முடியாது. இதுக்குப் பேர் ஹனிபாட். வாங்குறவங்க மட்டும் இருக்கிறதால விலை ஏறிக்கிட்டே இருக்கும், அதைக் காட்டியே இன்னும் ஆளை இழுப்பாங்க. 2021 நவம்பர்ல ஒரு பிரபல டிவி தொடரோட பேரை அனுமதியில்லாம வெச்சுக்கிட்டு வந்த டோக்கன் இப்படித்தான் 2,800 டாலரைத் தாண்டிப் போய் சில நிமிஷத்துல பூஜ்யத்துக்கு வந்துச்சு, வாங்கினவங்க விக்க முடியாம பாத்துக்கிட்டே இருந்தாங்க.

ஃபீக்கு உச்சவரம்பு இல்லன்னா நூறு சதவீதம் வெச்சுடலாம், அதுவும் விக்க முடியாத மாதிரிதான். மின்ட்டை பேர் மாத்தி ஒளிச்சது எண்ணத்தையே காட்டுது, நியாயமா மின்ட் வேணும்னா மின்ட்னே எழுதியிருப்பாங்க. இதுல ஒரு ஓரத்துலகூட எனக்கு சந்தேகம் இல்ல, இது மோசடி. மாமாகிட்ட வொயிட்பேப்பரோட ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டுங்க, அப்புறம் இந்த பட்டியல் வரியை மட்டும் காட்டுங்க. அதுக்கும் மசியலன்னா, எக்ஸ்சேஞ்ச் பூல் ஏற்கனவே இருந்தா ஈதர்ஸ்கேன்ல வித்தவங்க யார்னு பாக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு அட்ரஸ் மட்டும்தான் வித்திருக்கும்.

தேன்சிட்டு:
காட்டினேன். கோடை விட படம் 4தான் அவரை உலுக்கிடுச்சு, அடுத்த ரவுண்டு போடலன்னுட்டாரு. விக்கிற லிஸ்ட்ல நீங்க சொன்ன மாதிரியேதான், திரும்பத் திரும்ப அதே மூணு அட்ரஸ். ஆனா ப்ரீசேல் பக்கத்துல வாலட்டை கனெக்ட் பண்ணி ஸ்டேபிள்காயினுக்கு (டாலர் மாதிரி விலை நிலையா வெச்சிருக்கிற காயின்) அப்ரூவ், அதாவது அதை எடுத்துக்க அவங்க கான்ட்ராக்டுக்கு அனுமதி, குடுத்திருக்காரு. பணத்தை மீட்டுத் தர்றோம்னு ஒருத்தர் அவருக்கு மெசேஜ் வேற அனுப்பியிருக்காரு.

கடலோடி:
மீட்டுத் தர்றோம்னு வர்றவங்களுக்கு பதிலே போட வேணாம், பெரும்பாலும் அதே கூட்டம்தான், முன்பணம் கேப்பாங்க இல்ல சீட் ஃப்ரேஸ் (வாலட்டை மொத்தமா திறக்கிற ரகசிய வார்த்தைகள்) கேப்பாங்க. போன பணம் திரும்ப வர்றது கஷ்டம், அதை மாமாகிட்ட மறைக்காம சொல்லிடுங்க. ட்ரான்ஸாக்ஷன் ஹாஷ், கான்ட்ராக்ட் அட்ரஸ், ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் சேத்து சைபர் க்ரைம்ல புகார் குடுங்க.

அப்ரூவ்தான் இப்ப அவசரம். அளவில்லாம அப்ரூவ் குடுத்திருந்தா, அந்த வாலட்டுக்கு நாளைக்கு வர்ற அதே ஸ்டேபிள்காயினையும் அவங்க எடுக்கலாம், கனெக்ஷனை துண்டிச்சா மட்டும் அது போகாது. ஈதர்ஸ்கேன்லயே டோக்கன் அப்ரூவல் பாக்குற பக்கம் இருக்கு, அட்ரஸை நீங்களே டைப் பண்ணி போங்க, விளம்பர லிங்க்ல போகாதீங்க. அந்த கான்ட்ராக்டைத் தேடி ரிவோக் பண்ணுங்க (குடுத்த அனுமதியை ரத்து பண்றது), கொஞ்சம் கேஸ் ஃபீ (செயின் கட்டணம்) ஆகும். சீட் ஃப்ரேஸ் எங்கேயாவது டைப் பண்ணியிருந்தாருன்னா ரிவோக் போதாது, புது வாலட் உருவாக்கி மிச்சத்தை உடனே மாத்திடுங்க.

தேன்சிட்டு:
சீட் ஃப்ரேஸ் எங்கேயும் குடுக்கல, நல்லா விசாரிச்சுட்டேன். ரிவோக் பண்ணியாச்சு, அலவன்ஸ் (அவங்க எடுக்க அனுமதி உள்ள அளவு) இப்ப பூஜ்யம்னு காட்டுது. அந்த மூல ப்ராஜெக்ட் ஆளுங்களுக்கும் அவங்க ஆவணம் திருட்டுப் போயிருக்குன்னு ரெண்டு பக்கத்தையும் வெச்சு எழுதிப் போட்டிருக்கேன்.